குடல் பற்றீரியாக்களும் கொலஸ்ரோலும்: தயிர் எதுவரை உதவும், குளிசை எங்கே தேவை?

இரத்தத்தில் கொலஸ்ரோல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஈரல் தனியாகத் தீர்மானிப்பதில்லை. எமது குடலில் வாழும் கோடானுகோடி பற்றீரியாக்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. உடலிலிருந்து கொலஸ்ரோல் வெளியேறும் பாதையிலேயே அவை குடியிருக்கின்றன. அந்தப் பாதையை அவை அகலமாக்கலாம், ஒடுக்கவும் செய்யலாம். கடந்த ஐம்பது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தெளிவாகி வந்திருக்கும் விடயம் இது.

வடக்கில் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் ஊரில் உள்ளவர்கள் கிளினிக் கொப்பியையும் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கொண்டுவந்து காட்டுவார்கள். கனடாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். அண்மைக் காலமாக எல்லோரிடமிருந்தும் வரும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: “வயித்தில நல்ல கிருமி இருந்தால் கொலஸ்ரோல் தானா இறங்குமாம். தயிரும் பழஞ்சோறும் சாப்பிட்டால் குளிசையை விடலாமோ?”

இந்தக் கேள்வியின் முதற்பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியில் ஆபத்து இருக்கிறது. இரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொலஸ்ரோல் எங்கிருந்து வருகிறது?

கொலஸ்ரோல் ஒரு நஞ்சல்ல. உடலின் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் அது இருக்கிறது. பாலியல் ஓமோன்களையும் விற்றமின் டி-யையும் பித்தத்தையும் உடல் அதிலிருந்தே செய்கிறது. தேவையான கொலஸ்ரோலில் பெரும்பகுதியை உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து நேரடியாக வருவது சிறிய பங்குதான். மச்சம் தொடாத சைவக்காரருக்கும் கொலஸ்ரோல் கூடுவது இதனால்தான்.

கொழுப்பு நீரில் கரையாது என்பதால், கொலஸ்ரோல் இரத்தத்தில் தனியாகப் பயணம் செய்ய முடியாது. புரதம் சுற்றிய சிறு பொதிகளாகவே அது ஓடுகிறது. அவற்றுள் எல்.டி.எல். எனப்படும் பொதி அளவுக்கு மிஞ்சி நெடுநாள் இரத்தத்தில் நின்றால், இரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து படியத் தொடங்கும். அந்தப் படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறையும்போதுதான் மாரடைப்போ பக்கவாதமோ வருகிறது.

இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் ஈரலின் கலங்களில் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த அமெரிக்க மருத்துவர்கள் மைக்கல் பிரவுண், ஜோசப் கோல்ட்ஸ்ரைன் ஆகியோருக்கு 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் கொலஸ்ரோல் குறைந்தால் அது கூடுதலான வாங்கிகளை வெளியே நிறுத்தி, இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ அள்ளிக்கொள்ளும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் இலகுவாக விளங்கும்.

பித்தம் எனும் வெளிவாசல்

சீனியை உடல் எரித்துச் சக்தியாக்கும். கொலஸ்ரோலை அப்படி எரிக்க முடியாது. அதை வெளியே அனுப்ப உடலுக்குள்ள முக்கியமான வழி பித்தம். ஈரல் கொலஸ்ரோலின் ஒரு பகுதியைப் பித்த அமிலமாக மாற்றுகிறது, இன்னொரு பகுதியை அப்படியே பித்தத்தில் கலந்து விடுகிறது. நாம் சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி, அந்தப் பித்தம் சிறுகுடலுக்குள் இறங்கி, கொழுப்பைக் கரைத்துச் சமிபாடடைய உதவுகிறது.

ஆனால் உடல் மிகவும் சிக்கனமானது. வேலை முடிந்த பித்த அமிலத்தில் ஏறத்தாழ 95 வீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி மீண்டும் உறிஞ்சி ஈரலுக்கே அனுப்பிவிடும். ஒருவரின் உடலில் மொத்தமாக 3 கிராம் அளவு பித்த அமிலமே இருக்கும். அதுவே ஒரு நாளைக்குப் பல தடவை சுற்றிச் சுற்றி வருகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிராம் மட்டும் மலத்தோடு போகும். அந்த இழப்பை ஈடுசெய்ய ஈரல் அதேயளவு கொலஸ்ரோலை எடுத்துப் புதுப் பித்த அமிலம் செய்யும்.

இப்போது முன்னே சொன்ன விதியைப் பொருத்திப் பாருங்கள். மலத்தோடு போகும் பித்த அமிலம் கூடினால், ஈரல் கூடுதலான கொலஸ்ரோலைச் செலவழிக்க வேண்டும். ஈரலுக்குள் கொலஸ்ரோல் குறையும். வாங்கிகள் கூடும். இரத்தத்தில் எல்.டி.எல். இறங்கும்.

இது வெறும் கணக்கல்ல. பித்த அமிலத்தைக் குடலுக்குள் பிடித்துவைத்து மலத்தோடு வெளியேற்றும் கொலஸ்ரைரமின் என்ற மருந்தை, கொலஸ்ரோல் கூடிய 3,806 ஆண்களிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் மருந்தையும் மற்றையவர்கள் மருந்தில்லாத தூளையும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தார்கள். 1984இல் வெளியான முடிவின்படி, மருந்து எடுத்தவர்களிடம் மாரடைப்பும் இதயநோய் மரணமும் 19 வீதம் குறைந்திருந்தன. பித்தத்தின் வழியாகக் கொலஸ்ரோலை வெளியேற்றினால் இதயம் காக்கப்படும் என்பதற்கு அது உறுதியான சான்றாக அமைந்தது. குடல் பற்றீரியாக்கள் கைவைப்பதும் இதே வாசலில்தான்.

பற்றீரியாக்கள் செய்யும் வேலைகள்

முதலாவது வேலை, பித்த அமிலத்தின் பூட்டைக் கழற்றுவது. ஈரல் பித்த அமிலத்தை அப்படியே அனுப்புவதில்லை. கிளைசின் அல்லது ரோரின் என்ற அமினோ அமிலம் ஒன்றை அதோடு இணைத்தே அனுப்புகிறது. சிறுகுடலின் முடிவில் உள்ள உறிஞ்சும் வாயில்கள் இந்தச் சோடியைத்தான் நன்றாக அடையாளம் கண்டு உள்ளே எடுக்கும். லக்ரோபசிலஸ், பிபிடோபற்றீரியம் முதலிய பல பற்றீரியாக்களிடம் இந்த இணைப்பை வெட்டும் நொதியம் ஒன்று உண்டு. வெட்டப்பட்ட பித்த அமிலம் நீரில் அவ்வளவாகக் கரையாது, அந்த வாயில்களுக்குள் இலகுவாக நுழையவும் மாட்டாது. அதில் கூடுதலான பங்கு பெருங்குடலுக்கும் மலத்துக்கும் போய்விடும்.

இரண்டாவது வேலை, கொலஸ்ரோலையே உருமாற்றுவது. பெருங்குடலுக்கு வந்துசேரும் கொலஸ்ரோலைச் சில பற்றீரியாக்கள் கொப்ரொஸ்ரனோல் என்ற பொருளாக மாற்றுகின்றன. இதைக் குடல் உறிஞ்சுவது மிகக் குறைவு. எனவே அது நேரே வெளியே போகும். எல்லோருடைய குடலிலும் இந்த மாற்றம் ஒரேயளவில் நடப்பதில்லை. இந்த மாற்றத்தின் முதற்படியைச் செய்யும் பற்றீரிய மரபணுவை அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் அடையாளம் கண்டார்கள். அந்த மரபணுவைக் கொண்ட பற்றீரியாக்கள் குடலில் இருந்தவர்களின் மலத்திலும் கொலஸ்ரோல் குறைவாக இருந்தது, இரத்தத்திலும் குறைவாக இருந்தது.

அமெரிக்காவின் பிரேமிங்ஹம் நகரில் 1948 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற இதயநோய் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பங்குபற்றிய 1,400க்கும் மேற்பட்டவர்களின் மல மாதிரிகளை ஆராய்ந்து 2024இல் ஒரு முடிவு வெளியானது. ஒசிலிபக்ரர் என்ற இனப் பற்றீரியாக்கள் கூடுதலாக இருந்தவர்களிடம் கொலஸ்ரோல் குறைவாகக் காணப்பட்டது. ஆய்வுகூடத்தில் அவற்றை வளர்த்துப் பார்த்தபோது, அவை கொலஸ்ரோலை உள்ளே எடுத்து வேறு பொருள்களாக மாற்றுவதும் தெரிந்தது. எனினும் ஒருவரிடம் ஒரு பற்றீரியா இருப்பதும் அவருக்குக் கொலஸ்ரோல் குறைவாக இருப்பதும் சேர்ந்து காணப்படுவதால் மட்டும், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. அந்தப் பற்றீரியாவை ஊட்டும் உணவும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது வேலை, நார்ப்பொருளைப் புளிக்கச் செய்வது. எமது சமிபாட்டு நொதியங்களால் உடைக்க முடியாத நார்ப்பொருள் பெருங்குடலுக்கு வரும்போது, பற்றீரியாக்கள் அதை உண்டு அசற்றேற், புரோப்பியனேற், பியூற்றிரேற் என்ற சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பியூற்றிரேற் பெருங்குடல் சுவரின் கலங்களுக்கு உணவாகிறது. புரோப்பியனேற் ஈரலுக்குப் போய்க் கொழுப்பு உற்பத்தியைத் தணிக்கிறது என்பது விலங்குகளில் காணப்பட்டது. மனிதரில் அதன் விளைவு அந்தளவுக்கு ஒரே சீராக இல்லை.

பற்றீரியாக்கள் எல்லாம் எப்போதும் நன்மையே செய்கின்றன என்றும் நினைக்கக்கூடாது. சிவப்பு இறைச்சியில் உள்ள கார்னிற்றின் என்ற பொருளைச் சில குடல் பற்றீரியாக்கள் மாற்ற, அது ஈரலில் மேலும் மாறி, இரத்தக்குழாய் அடைப்போடு தொடர்புடைய ஒரு சேர்வையாகிறது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் இதை 2013இல் எடுத்துக்காட்டினார்கள். மாட்டிறைச்சி நாளாந்தம் உண்பவரின் குடலில் இந்த வேலை மும்முரமாக நடக்கும். பல காலம் மரக்கறி மட்டும் உண்டவரின் குடலில் மிகக் குறைவாகவே நடக்கும். எந்தப் பற்றீரியா வளரும் என்பதை நாம் போடும் தீனி பெரிதும் தீர்மானிக்கிறது.

மசாய் மக்களின் புளித்த பால்

இந்த ஆராய்ச்சிக்கு ஆரம்பத்தில் உந்துதல் தந்தது கிழக்கு ஆபிரிக்காவின் மசாய் மக்களைப் பற்றிய ஓர் ஆய்வு. மாடு மேய்க்கும் அந்த மக்களின் உணவில் பாலும் இறைச்சியும் மிக அதிகம். அப்படியிருந்தும் அவர்களின் கொலஸ்ரோல் குறைவாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் மான் அவர்களிடையே நடத்திய ஒரு சோதனையில், மசாய் ஆண்கள் தமது வழக்கப்படி புளிக்கவைத்த பாலைப் பெருமளவில் குடித்தார்கள். அவர்களின் உடல் நிறை கூடியது, ஆனால் கொலஸ்ரோல் கூடவில்லை, இறங்கியது. 1974இல் இந்த முடிவு வெளியானபோது, புளித்த பாலில் கொலஸ்ரோலைக் குறைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் பரவியது.

அதன் பின்னர் பல நாடுகளில் சாதாரண யோகட்டைக் கொடுத்துச் சோதித்தார்கள். சிலவற்றில் சிறிது குறைந்தது, சிலவற்றில் மாற்றமே இல்லை. மசாய் மக்கள் நாள் முழுவதும் மாடுகளின் பின்னால் நடப்பவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. கதிரையில் இருந்தபடி ஒரு கப் இனிப்பு யோகட் சாப்பிடும் ஒருவர் அவர்களோடு தம்மை ஒப்பிட முடியாது.

கடையில் விற்கும் கப்சியூல்கள்

புரோபயோற்றிக் என்ற பெயரில் உயிருள்ள பற்றீரியாக்களைக் கப்சியூலாக விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெற்றோருக்கு இவற்றைக் கொண்டுவந்து கொடுப்பதையும் காண்கிறேன்.

இவற்றில் சிலவற்றுக்குச் சான்று உண்டு. பித்த அமிலத்தின் இணைப்பை வெட்டுவதில் கெட்டித்தனமான ஒரு லக்ரோபசிலஸ் வகையை, கொலஸ்ரோல் கூடிய நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் 9 வாரங்கள் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்றுக் கப்சியூல் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் எல்.டி.எல். 11 வீதத்துக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. அந்த ஆய்வைச் செய்தவர்கள் அந்தப் பற்றீரியாவைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பலன் குறிப்பிட்ட ஒரு வகைக்குரியது என்பது. லக்ரோபசிலஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதாது. ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு வகை அந்த வேலையைச் செய்யும், இன்னொரு வகை செய்யாது. கப்சியூலை நிறுத்தியதும் அந்தப் பற்றீரியாக்கள் பெரும்பாலும் குடலில் நிலைத்திருப்பதில்லை. வெயிலில் கிடந்த பெட்டிக்குள் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதும் ஒரு கேள்வி. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வைத்தியரைக் கேளாமல் இவற்றை எடுக்கவே கூடாது. விலையைப் பார்த்தால், ஒரு மாதக் கப்சியூலின் காசுக்கு ஒரு குடும்பத்துக்குப் பல கிழமைக்கான பயறும் கடலையும் வாங்கலாம்.

அகதியாகப் போனவர்களின் குடல்

எமது வாசகர்களில் இடம்பெயராத குடும்பம் அரிது. அதனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

லாவோஸ் போரினால் துரத்தப்பட்ட மொங் மக்களும், பர்மாவில் நடந்த போரினால் துரத்தப்பட்ட கரேன் மக்களும் தாய்லாந்து முகாம்களின் வழியாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாய்லாந்தில் இருப்பவர்கள், அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள், வந்து பல ஆண்டுகள் ஆனவர்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகள் என்று 500க்கும் மேற்பட்ட பெண்களின் குடல் பற்றீரியாக்களை அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள்.

அமெரிக்கா வந்து ஓராண்டு முடியும் முன்னரே அவர்களின் குடலில் இருந்த பற்றீரிய வகைகள் குறையத் தொடங்கின. நார் உணவோடு சேர்ந்து வாழும் பிரெவொற்றெல்லா என்ற இனம் பின்வாங்க, மேலைநாட்டு உணவோடு வாழும் பற்றிரொயிடீஸ் என்ற இனம் அந்த இடத்தைப் பிடித்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல இழப்பு கூடியது. அங்கே பிறந்த பிள்ளைகளிடம் அது இன்னும் ஆழமாக இருந்தது. இந்த இழப்போடு உடற்பருமனும் சேர்ந்து வந்தது.

அவர்கள் இழந்தவற்றுள் தாவர நாரை உடைக்கும் பற்றீரிய நொதியங்களும் அடங்கும். தேங்காய், பனைக் குடும்பத் தாவரங்கள், புளி போன்றவற்றில் உள்ள நாரை உடைக்கும் நொதியங்கள் அவை. இதை வாசித்தபோது எனக்கு எமது சமையலறைதான் நினைவுக்கு வந்தது. தேங்காய்ப்பூ, ஒடியல் மா, பழப்புளி ஆகிய மூன்றும் இல்லாமல் எமக்குக் கூழ் இல்லை.

அந்த ஆய்வு மொங், கரேன் மக்களைப் பற்றியது. ஆனால் போரால் ஊரைவிட்டுப் போகும் எவருக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. இடம்பெயர்ந்தவர் ஊரையும் வீட்டையும் மட்டும் இழப்பதில்லை. முன்னோர் உணவோடு சேர்ந்து தலைமுறையாக வந்த பற்றீரியாக்களையும் இழக்கலாம். முகாம்களில் கோதுமை மாவும் வெள்ளை அரிசியும் சீனியும் எமது மக்களின் நாளாந்த உணவாகின. காலம் மாறிய பின்னும் பலருடைய வீட்டில் காலையில் பாணும் இரவில் கொத்துரொட்டியுமாக அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. இதை மாற்ற வெளிநாட்டுக் கப்சியூல் தேவையில்லை.

எமது சமையலறையில் இருப்பவை

கொலஸ்ரோலைக் குறைப்பதற்கு மிகத் தெளிவான சான்று உள்ள உணவு, கரையும் நார்ப்பொருள் கொண்டது. அது பித்த அமிலத்தைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது, பற்றீரியாக்களுக்கும் தீனியாகிறது. ஓட்ஸில் உள்ள பீற்றா குளுக்கன் என்ற நாரை நாளொன்றுக்கு 3 கிராம் எடுத்தால் கொலஸ்ரோல் குறையும் என்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் ஏற்றுக்கொண்டது. பாமசிகளில் கிடைக்கும் இசப்கோல் உமியும் இதேபோல வேலை செய்யும்.

ஆனால் ஓட்ஸ் வாங்க முடியாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. பருப்பு வகைகளைப் பற்றிய 26 ஆய்வுகளைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்து 2014இல் வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 130 கிராம் அளவு, அதாவது அவித்த நிலையில் முக்கால் கோப்பை அளவு, கடலை, பயறு, அவரை, பருப்பு வகைகளில் ஒன்றை உண்டவர்களிடம் எல்.டி.எல். ஏறத்தாழ 5 வீதம் குறைந்தது. இந்த ஒரு பழக்கத்தை இன்றைக்கே எவரும் தொடங்கலாம். பின்னேரம் பிஸ்கற்றுக்குப் பதிலாக அவித்த கடலையோ பயறோ சாப்பிடுங்கள். மைசூர்ப் பருப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

வெள்ளை அரிசியின் இடத்தில் தவிடு நீக்காத சிவப்பரிசியையும், கோதுமை மாவின் இடத்தில் குரக்கன் மாவையும் ஒடியல் மாவையும் கிழமையில் சில நாள்களாவது வையுங்கள். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, வாழைப்பொத்தி, வாழைத்தண்டு, வெண்டிக்காய் எல்லாம் குடல் பற்றீரியாக்களுக்கு நல்ல தீனி. ஒரே கீரையை நாளும் உண்பதைவிட மாற்றி மாற்றி உண்பதே நல்லது. வகை வகையான தீனி இருந்தால்தான் வகை வகையான பற்றீரியா வாழும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் கீரை, பருப்பு வகைகளின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புளித்த உணவுகளுக்கும் இடம் உண்டு. ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் 10 வாரங்கள் நடத்திய சோதனை 2021இல் வெளியானது. புளித்த உணவுகளை நாளாந்தம் நிறைய உண்டவர்களிடம் குடல் பற்றீரிய வகைகள் கூடின, உடல் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. எமக்கு இவை தயிரும் மோரும் பழஞ்சோறும். எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம் என்பதால் கொலஸ்ரோல் உள்ளவர்கள் வெண்ணெய் எடுத்த மோராகக் குடிப்பது நல்லது. தயிரின்மேல் பாணியும் சீனியும் ஊற்றினால் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறிப்பதாகும். பழஞ்சோற்றுக்குக் கொதித்தாறிய நீரை விட்டு மூடிவையுங்கள். இழுபட்டாலோ கெட்ட மணம் வந்தாலோ எறிந்துவிடுங்கள். சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பங்கு சமிபாடடையாத வடிவத்துக்கு மாறிப் பற்றீரியாக்களுக்கு உணவாகும். ஆயினும் சலரோகம் உள்ளவர்கள் அதையும் சோற்றுக் கணக்கிலேயே அளந்து சாப்பிட வேண்டும்.

தோசை, அப்பம் ஆகியவற்றின் மா புளித்திருந்தாலும், கல்லில் வெந்தபின் அதில் உயிருள்ள பற்றீரியா இருக்காது. உழுந்தின் நன்மை இருக்கும். தேங்காயைப் பொறுத்தவரை, பூவில் நார் உண்டு, ஆனால் தேங்காய் எண்ணெயும் கட்டிப்பாலும் எல்.டி.எல்.-ஐக் கூட்டும். முற்றாக விடத் தேவையில்லை, அளவைக் குறைக்கலாம்.

தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் பாமசியில் தாமாகவே அன்ரிபயோற்றிக் வாங்கிக் குடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அது நோய்க்கிருமியோடு நல்ல பற்றீரியாக்களையும் அழிக்கும். வைரசால் வரும் தடிமனை மாற்றவும் மாட்டாது.

குளிசையை ஏன் விடக்கூடாது?

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். கணக்கைப் பாருங்கள். கடலை, பயறு 5 வீதம். ஓட்ஸோ இசப்கோலோ அதேயளவு அல்லது சற்றுக் கூட. நல்ல புரோபயோற்றிக் ஒன்று மிகச் சிறந்த நிலையில் 10 வீதத்தை ஒட்டி. கிளினிக்கில் இலவசமாகத் தரப்படும் அற்றோவாஸ்ரற்றின் போன்ற ஸ்ரற்றின் குளிசைகள் அளவுக்கேற்ப எல்.டி.எல்.-ஐ 30 முதல் 50 வீதம் குறைக்கின்றன. எல்.டி.எல். ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் உறுதிப்படுத்தப்பட்டது.

ஸ்ரற்றின் என்பது இயற்கைக்கு அந்நியமான ஒன்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. முதல் ஸ்ரற்றினை ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஆயிரக்கணக்கான பங்கசுகளைத் தேடிச் சோதித்து, பெனிசிலியம் வகை ஒன்றிலிருந்தே பிரித்தெடுத்தார். 1987இல் மனிதப் பயன்பாட்டுக்கு முதலில் அனுமதி பெற்ற ஸ்ரற்றினும் பங்கசிலிருந்து எடுக்கப்பட்டதுதான். நுண்ணுயிர் தந்த மருந்தை விட்டுவிட்டு நுண்ணுயிரைத் தேடிப் போவதில் பொருளில்லை.

சிலருக்குக் கொலஸ்ரோல் பரம்பரையாகவே கூடுதலாக இருக்கும். அவர்களின் ஈரலில் வாங்கிகள் குறைவு. ஏறத்தாழ 250 அல்லது 300 பேரில் ஒருவருக்கு இந்த நிலை உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு நாற்பது, ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதிக்க வேண்டும். இவர்களுக்கு உணவு மட்டும் போதவே போதாது.

ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்த, முல்லைத்தீவுப் பக்கத்துத் தாய் ஒருவர் நான் வேலையில் இருந்த காலத்தில் மாதாமாதம் கிளினிக்குக்கு வருவார். ஒருநாள் மருந்துப் பையை யன்னலால் திருப்பித் தந்தார். “தம்பி, பங்கருக்குள்ள கிடந்த காலத்தில ஒரு குளிசையும் இல்லாமல் உயிரோட இருந்தனாங்கள். இப்ப ஏன் இவ்வளவு? நான் தயிரும் கீரையும் சாப்பிடுறன், அது காணும்” என்றார்.

அவருக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். “அம்மா, அந்தக் காலத்தில நீங்கள் தப்பினது குளிசை இல்லாததால இல்லை. உங்கட இரத்தக்குழாயில அப்பவே படியத் தொடங்கியிருக்கும். அது நோகாது, சத்தமும் போடாது. ஒருக்கா இதயத்தில காட்டியிட்டுது. இனி வர விடாமல் பாக்கிறதுக்குத்தான் இந்தக் குளிசை. தயிரையும் கீரையையும் விடவேண்டாம், இதையும் விடவேண்டாம்.” அவர் பையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதமும் வந்தார்.

குளிசையால் தசைநோவு, சோர்வு வருகிறது என்று தோன்றினால் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்ரற்றினுக்கு மாற்றலாம். கருவுற்றவர்களும் கருவுற எண்ணுபவர்களும் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

உங்கள் கடைசிப் பரிசோதனை அறிக்கையை எடுத்து, மொத்தக் கொலஸ்ரோலை மட்டும் பார்க்காமல் எல்.டி.எல். என்ற வரியைப் பாருங்கள். வேறு நோய் இல்லாதவருக்கு அது 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. மாரடைப்பு வந்தவருக்கு 70க்கும் கீழே கொண்டுவர வைத்தியர்கள் முயல்வார்கள். உங்களுக்கு உரிய இலக்கு எது என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

அதன்பின் உணவில் ஒரு மாற்றத்தை மட்டும் தொடங்குங்கள்: நாளுக்கு முக்கால் கோப்பை கடலையோ பயறோ பருப்போ. முதல் சில நாள்கள் வயிறு ஊதினால் அளவைக் குறைத்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். அது பழகியதும் மோரையும் குரக்கனையும் சேர்க்கலாம். நாளாந்தம் அரை மணிநேரம் நடவுங்கள். புகைப்பவர் புகையை விடுங்கள். குளிசையைத் தந்தபடி எடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

எண் இறங்கியிருந்தால், எந்தக் குளிசையைக் குறைக்கலாம் என்று உங்கள் வைத்தியர் அந்த அறிக்கையைப் பார்த்துச் சொல்லுவார். அதுவரை மோரும் குளிசையும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கட்டும்.